கடைமடையை முன்னால் நிறுத்திய நிரல்

நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள். ஆனால் தாமிரபரணி ஓரத்து வண்ணார்பேட்டை மாடியில் இருக்கும் நம் அலுவலகத்தில் நீங்கள் திறந்து பார்க்கப்போகும் நிரல்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்பதாம் வகுப்புக்காரன் எழுதியவை. கங்கைகொண்டான் ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கும் இரண்டு பொறியாளர்கள், அங்கே யாருக்கும் பிடிபடாத ஒரு சிக்கலைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி இந்தப் படிகளில் ஏறி வந்திருக்கிறார்கள். அவர்கள் காபி ஆறுவதற்குள் அவிழ்த்துக் கொடுத்தேன்.

ராதாபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவன் நான். ஒரு ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கப் போனேன். அது ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று கேட்க ஆரம்பித்தவன், கேட்டுக் கேட்டே நிரல் எழுதுகிறவன் ஆகிவிட்டேன். ஆங்கிலம் எனக்கு அந்தப் பெட்டி காட்டிய பிழைச் செய்திகள் வழியாகத்தான் வந்தது. இன்றும் எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களில் பாதி, திட்டுகிற சொற்கள்.

போன வருஷம் ஓய்வு பெற்றேன். உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி முதலாளி கேட்டார். வெற்றிகளை எழுதினால் நீங்கள் வாசித்து முடிக்க மாட்டீர்கள். அதனால் ஒரு தோல்வியை எழுதுகிறேன். எனக்கு இருப்பது இந்த ஒன்று மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். மற்றவை இதைவிடச் சின்னவை, அவ்வளவுதான்.

ஏற்கெனவே இருக்கும் ஒரு ஸ்ட்ரிங்குக்கு, அதாவது எழுத்துக் கோவைக்கு, முன்னால் இன்னொரு சொல்லைச் சேர்ப்பது எப்படி என்பது நிரல் எழுதுகிற எவருக்கும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். புதிய சொல்லை எழுது, ஒரு கூட்டல் குறி போடு, பின்னால் பழைய ஸ்ட்ரிங்கை வை. முடிந்தது. அந்தக் கூட்டல் குறிதான் ஒரு நாள் காலையில் நாற்பது பேரை மண்வெட்டியோடு கால்வாய்க் கரையில் கொண்டுபோய் நிறுத்தியது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு நடந்தது. தாமிரபரணியிலிருந்து பிரிகிற ஒரு சின்னக் கால்வாய். அதில் ஏழு மடைகள். ஒவ்வொரு மடைக்கும் கீழே அதனதன் வயல்கள். ஆற்றுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய மடை. ஏழாவதாகக் கடைசியில் இருப்பது கடைமடை. அணையில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறக்க முடியாது. அப்போது 'முறை' வைப்பார்கள். ஒரு மடைக்கு ஒரு நாள். அந்த மடைக்கு முறை என்றால் மற்ற மடைகளில் பலகையை இறக்கி அடைத்துவிட வேண்டும். முறை எப்போதும் மேலிருந்து கீழே, பெரிய மடையில் தொடங்கிக் கடைமடையில் முடியும். ஏழாம் நாள் கடைமடைக்காரர்கள் காத்திருப்பார்கள். வருவது பல வருஷங்களில் ஈரம் மட்டும்தான்.

இந்த முறையை விவசாயிகளின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிற நிரல் நம்முடையது. கால்வாய்ச் சங்கத்தின் செயலர் பாளையங்கோட்டையில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'சார்'. ஒவ்வொரு தடவையும் ஏழு மடையின் பெயரையும் அவரே தட்டிக்கொண்டிருந்தார். "கண்ணு தெரியல வே, பட்டியல்ல இருந்து பேரை அதுவா எடுத்துப் போடுத மாதிரி செஞ்சு குடும்" என்று கேட்டார்.

செய்தியின் கடைசி வரி நிரலில் ஏற்கெனவே இருந்தது: 'என்ற வரிசையில் நாளை சூரிய உதயத்தில் முறை தொடங்கும். செயலர்.' அதற்கு முன்னால் மடைகளின் பெயர்கள் வர வேண்டும். பட்டியலில் இருந்து ஒவ்வொரு பெயராக எடுத்து, இருக்கிற வரிக்கு முன்னால் சேர்த்துக்கொண்டே போகும்படி ஒரு லூப் எழுதினேன். பத்து நிமிஷ வேலை. எட்டு நிமிஷத்தில் முடித்தேன்.

பக்கத்து நாற்காலியில் ஜெபமணி. நிரல்களைச் சோதித்துப் பார்ப்பது அவளுடைய வேலை. சமாதானபுரத்துப் பெண், என்னைவிட இருபது வயது சின்னவள். வாயைக் கொடுத்தால் நாம்தான் கெட்டோம்.

"அண்ணாச்சி, ஏழு மடையையும் போட்டுப் பாத்தியளா?"

"பெரிய மடையப் போட்டுப் பாத்தேன். கச்சிதமா வந்துட்டு."

"ஒண்ணைத்தான் போட்டியளா?"

"ஒண்ணு சரின்னா ஏழும் சரிதான்ம்மா. எத்தனை வருஷமா எழுதுதேன்."

"எத்தனை வருஷமா எழுதுனாலும் ஏழுன்னா ஏழுதான் அண்ணாச்சி. இருங்க, நான் பாக்கேன்."

"சார் அங்கன காத்துக்கிட்டு இருக்காவ. நீ நாளைக்குப் பாரு."

நிரலை அவருக்கு அனுப்பி வைத்தேன். சார் அன்று சாயங்காலம் பொத்தானை அழுத்திவிட்டு, தன் உறவில் ஒரு கல்யாணத்துக்காக நாங்குநேரிக்குப் பேருந்து ஏறிவிட்டார்.

நீங்கள் படித்தவர்கள், இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். ஒரே ஒரு பெயரை முன்னால் சேர்த்தால் தப்பே தெரியாது. ஏழு பெயரை ஒவ்வொன்றாக முன்னால் முன்னால் சேர்த்தால், கடைசியாகச் சேர்த்தது முதலில் வந்து நிற்கும். சங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் போன செய்தி கடைமடையில் தொடங்கிப் பெரிய மடையில் முடிந்தது.

வேறு ஊராக இருந்தால் செய்தியைப் பார்த்ததும் ஏதோ தவறு என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இந்தக் கால்வாயில் அப்படி நடக்கவில்லை. ஏனென்றால், இந்த ஒரு தடவையாவது முறையைக் கீழிருந்து தொடங்குங்கள் என்று கடைமடைக்காரர்கள் மூன்று வருஷமாகச் சங்கத்துக்கு மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது தை மாதம். பிசானப் பருவத்து நெல் கதிர் தள்ளுகிற நேரம். கடைமடை வயல்களில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. ஏழு நாள் கழித்து வரும் தண்ணீர் வைக்கோலுக்குத்தான் உதவும். செய்தியைப் பார்த்தவர்கள், சங்கம் மனுவுக்குச் செவி சாய்த்துவிட்டது என்று நம்பினார்கள். விடிந்ததும் கரை வழியாகவே மேலே நடந்து வந்து, ஆறு மடையின் பலகைகளையும் இறக்கிவிட்டார்கள். கால்வாய்த் தண்ணீர் முழுவதும் கடைமடையைப் பார்த்து ஓடத் தொடங்கிவிட்டது.

காலை எட்டு மணிக்கு சார் நாங்குநேரியில் இருந்து கூப்பிட்டார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"என்ன வே அனுப்பி வச்சீரு? பெரிய மடைக்காரங்க மண்வெட்டியோட கிளம்பிட்டாங்களாம். எனக்கு வாயில இட்லி இறங்கல!"

அலுவலகத்துக்கு ஓடினேன். எனக்கு முன்பே ஜெபமணி வந்து, ஏழு பெயரையும் போட்டுப் பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முதலாளி பதற்றமாக இருந்தார். "உடனே சரியான வரிசையை அனுப்பிருங்க அண்ணாச்சி. 'தொழில்நுட்பக் கோளாறு'ன்னு ஒரு வார்த்தை போட்டா முடிஞ்சிரும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நிரலைத் திருத்த எனக்கு அரை நிமிஷம் போதும். பெயர்களை முதலில் ஒன்றாகக் கோத்து, கடைசியில் ஒரே ஒரு தடவை அந்த வரிக்கு முன்னால் வைத்தால் சரியாகிவிடும். கையும் விசைப்பலகைக்குப் போய்விட்டது. ஆனால் நேற்றுப் போன செய்தி இப்போது கம்ப்யூட்டரில் இல்லை. அது பலகையாக இறங்கி, தண்ணீராக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது செய்தி போனால் ஒரு கூட்டம் நேற்றைய செய்தியைக் கையில் வைத்திருக்கும், இன்னொரு கூட்டம் இன்றைய செய்தியை வைத்திருக்கும். இரண்டிலும் 'செயலர்' என்று இருக்கும். இரண்டு கூட்டத்திடமும் மண்வெட்டி இருக்கும்.

"இப்ப எதுவும் அனுப்பக் கூடாது. நான் நேர்ல போறேன். ஜெபமணி, நீ இங்கனயே இரும்மா. நான் போன்ல சொல்லாம ஒரு எழுத்தும் போகக் கூடாது" என்றேன்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. என்னைத் தடுத்தவர்கள் குறைவு.

பெரிய மடைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கரையில் கூட்டம். எல்லா மடையில் இருந்தும் ஆள் வந்திருந்தார்கள். நடுவில், இறக்கிய பலகைக்கு மேலே இருந்த கல்லில், பலகையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் இசக்கியம்மாள். கடைமடையில் ஒன்றரை ஏக்கர். மூன்று வருஷமாக மனு எழுதிக் கொடுத்தவளும் அவளேதான். அவளுக்கு எதிரே, தோளில் துண்டோடு சங்கரபாண்டியன் அண்ணாச்சி. பெரிய மடைக்குக் கீழே இருக்கும் வயல்களில் அதிகம் அவருடையது. அவள் பெண்பிள்ளை என்பதால் கையைப் பிடித்து இழுக்கவும் முடியாமல், விட்டுப் போகவும் முடியாமல் வாயால் பொரிந்துகொண்டிருந்தார்.

"எந்திரிம்மா. எங்க அப்பன் பாட்டன் காலத்துல இருந்து பெரிய மடைதான் முதல்ல. மெசேஜ் வந்துட்டாம், மெசேஜ்! எவம்லே அது, கம்ப்யூட்டர்ல தண்ணியத் திருப்பி விட்டவன்?"

"நான்தான் அண்ணாச்சி" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீரா? உமக்கு நெல்லுன்னா என்னன்னு தெரியுமா வே?"

"சோறாத்தான் தெரியும். நான் வானம் பாத்த ராதாபுரத்துக்காரன்."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இசக்கியம்மாள் என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்கய்யா. மூணு வருஷமா மனு குடுத்தோம். இந்த வருஷந்தான் சங்கம் காது குடுத்திருக்கு. தண்ணி நாலாம் மடை தாண்டிட்டு. இன்னும் ரெண்டு மணி நேரம் பலகைய யாரும் தொடாம இருந்தா எங்க வயலுக்கு வந்துரும்" என்றாள்.

இரண்டு பொய்கள் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. 'ஆமாம், சங்கத்து முடிவுதான்' என்றால் இவளுக்குத் தண்ணீர் கிடைத்துவிடும், சார் மாட்டிக்கொள்வார். 'சர்வர் கோளாறு' என்றால் நான் தப்பித்துக்கொள்வேன். சர்வரை இந்தக் கரையில் யார் வந்து விசாரிக்கப்போகிறார்கள்? இரண்டையும் விழுங்கினேன்.

"தாயி, உன் மனுவுக்கும் அந்தச் செய்திக்கும் சம்பந்தம் இல்ல. சங்கம் எதுவும் முடிவு பண்ணல. நான் எழுதுனதுல தப்பு. பேரு எல்லாம் தலைகீழா விழுந்துட்டு."

அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்பதே உண்மை. பிடித்திருந்த கைப்பிடியை மட்டும் விடவில்லை.

"கேட்டியளா? தூக்குங்கலே பலகைய!" என்றார் சங்கரபாண்டியன்.

"அண்ணாச்சி, நாற்பது பேரை நடக்க வச்ச தப்பு. அது எப்படி நடந்துச்சுன்னு தெரியாம போனா ஊருக்குள்ள ஆளுக்கு ஒரு கதை சொல்லுவாவ. ரெண்டே நிமிஷம். நீங்கதான் முதல்ல வரணும்."

முதலில் என்று சொன்னதால் வந்தார். மடையைப் பார்த்தபடி அவரை நிறுத்தினேன். "இது பெரிய மடை. பட்டியல்ல முதல் பேரு. அடுத்தது ரெண்டாம் மடை. யாரு வே? நீரு வந்து இவருக்கு முன்னால நில்லும்."

"பின்னாலல்லா நிக்கணும்?" என்றார் இரண்டாம் மடைக்காரர்.

"நான் எழுதுனது முன்னால. நில்லும்."

மூன்றாம் மடை அவருக்கு முன்னால். நாலாவது அவருக்கு முன்னால். ஐந்தாம் மடைக்காரர் தலைப்பாகை கட்டிய பனைமர உயரத்து ஆள். அவர் வந்து நின்றதும் கூட்டம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. ஆறாவதும் நின்றாயிற்று. "தாயி, நீ ஏழு. உக்காந்த இடத்துலயே இரு, நீதான் எல்லாருக்கும் முன்னால இருக்க."

மொத்தக் கூட்டத்துக்கும் விளங்கிவிட்டது. "அட, வந்தவன் எல்லாம் முன்னால முன்னால நின்னா முதல்ல வந்தவன் கடைசிக்குத்தானலே போவான்!" என்று ஒருவர் கத்தினார். இதைப் புரியவைக்கக் கல்லூரியில் எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கால்வாய்க் கரையில் நான் எடுத்துக்கொண்டது இரண்டு நிமிஷம்.

வரிசையின் கடைசியில் இருந்து சங்கரபாண்டியன் குரல் கேட்டது. "ஏய், இங்கன நின்னா முன்னால என்ன நடக்குன்னே தெரியலயே! தலைப்பாகை மட்டுந்தான் தெரியுது. பைய விலகுங்கலே!"

இசக்கியம்மாள் திரும்பாமலே சொன்னாள்: "நாங்க எப்பவும் அங்கனதான் நிக்கோம் அண்ணாச்சி."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகிற வழி சொல்வது போலச் சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது.

நான் ஏதாவது பேசியிருக்கலாம். பேச்சில் எனக்குக் குறையில்லை. பேசவில்லை. பிள்ளைகளே, என் வாழ்க்கையில் நான் எழுதாமல் விட்ட வரிகளில் ஆகச் சிறந்தது அதுதான்.

இரண்டாம் மடைக்காரர்தான் மெதுவாகத் தொடங்கினார். "அண்ணாச்சி, நம்ம வயல்ல இன்னும் ஈரம் இருக்கத்தான் செய்யுது. ஒரு வாரம் தாங்கும்."

"உம்ம வயல் தாங்கும். என் வயலைப் பத்தி உமக்கு என்ன வே தெரியும்?"

"வரப்பு ஒண்ணுதான அண்ணாச்சி. நேத்து உங்க வயல்லதான் என் செருப்பு புதைஞ்சுது."

அந்த நேரத்தில் சார் வந்து இறங்கினார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை. நடந்ததைக் கேட்டார். ஏழு மடைக்காரரும் வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஏழு மடையும் இங்கேயே இருக்கு. இதையே சங்கத்துக் கூட்டம்னு வச்சுக்கிடுவோம். முறை கீழ இருந்து தொடங்கலாமா? கடைமடை மனு என்கிட்ட மூணு வருஷமாக் கிடக்கு" என்றார்.

எல்லோரும் சங்கரபாண்டியனைப் பார்த்தார்கள். அவர் மனம் இளகிவிட்டது எனக்குத் தெரிந்தது. ஆனால் இத்தனை பேர் முன்னால் இறங்கி வர ஒரு படி வேண்டும் இல்லையா? அந்தப் படியைக் கட்டத் தெரிந்தவன் அங்கே ஒருவன்தான்.

"அண்ணாச்சி, நேத்துப் போன செய்தியில 'நாளை'யை 'இன்று'ன்னு மாத்தி, முன்னால ஒரு வரி சேத்து மறுபடி அனுப்புதேன். 'பெரிய மடையின் சம்மதத்தோடு'ன்னு தொடங்கும். முதல்ல நிக்குதது உங்க மடைப் பேருதான்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "என் பேரைப் போடுவீரா?"

"போடுதேன். ஆனா உங்க பேரு வந்தா ரெண்டாம் மடைக்காரர் அவரு பேரையும் கேப்பாரு."

"ஆமா, கேப்பேன்" என்றார் இரண்டாம் மடைக்காரர்.

"அப்ப வேண்டாம். பெரிய மடைன்னு இருந்தாப் போதும். அது யாருன்னு ஊருக்குத் தெரியும்." பிறகு இசக்கியம்மாளைப் பார்த்து, "கையை எடும்மா, பலகைய எவனும் தொட மாட்டான். நான் இங்கன உக்காந்துக்கிடுதேன். நீ போய் உன் வயல் வாமடையப் பாரு, எலி வளை இருந்தா தண்ணி பூரா வீணாப் போயிரும்" என்றார்.

அவள் எழுந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கரையில் ஓடியே போனாள். ஐம்பது வயதுக்காரி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

ஜெபமணிக்குப் போன் செய்தேன். அவள் ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால் எனக்கு மட்டும் ஒன்று அனுப்பினாள். "ஏழும் இருக்கா, சொன்ன வரிசையில இருக்கா, விரல விட்டு எண்ணிச் சொல்லுங்க அண்ணாச்சி." எண்ணினேன். சாரையும் எண்ணச் சொன்னேன். சங்கரபாண்டியன் கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, முதல் வரியை மட்டும் மூன்று தடவை வாசித்தார்.

பதினோரு மணிக்கு மேல் கடைமடை வயலுக்குள் தண்ணீர் நுழைந்தது. வெடிப்புகள் ஒவ்வொன்றாகக் குடித்து மூடிக்கொண்டதாகப் போனில் இசக்கியம்மாள் கூவிச் சொன்னாள். ஏழாம் நாள் பெரிய மடைக்கும் குறைவில்லாமல் கிடைத்தது. "ஆறு நாளும் என் வாசல் வழியாத்தான வே போச்சு, எங்க போயிரும்!" என்று சங்கரபாண்டியன், அது தன்னுடைய யோசனை என்பது போலவே, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் போகத்தில் கடைமடையில் நெல் கதிர் முற்றி விளைந்தது.

அறுவடை முடிந்து சார் அலுவலகத்துக்கு வந்தார். "தண்ணி குறைஞ்ச வருஷத்துல கீழ இருந்தே முறை வைக்கலாம்னு சங்கத்துல முடிவு பண்ணிட்டோம். அதனால நீரு அந்தத் தப்பைத் திருத்தாதயும் வே, அப்படியே கிடக்கட்டும்."

முதலாளி சிரித்தார். வேலை மிச்சம் என்று நினைத்திருப்பார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. உங்களுக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். தவறுதலாக நடந்த நல்லதைத் தவறாகவே விட்டுவைக்காதீர்கள். நாளைக்கு உங்களைப் போல் ஒரு கெட்டிக்காரர் வந்து, 'எவனோ படிக்காதவன் தலைகீழாக எழுதி வைத்திருக்கிறான்' என்று ஒரே நிமிஷத்தில் திருத்திவிடுவார். அவர் செய்வது சரியான வேலை. ஆனால் அங்கே ஒரு வயல் காயும்.

அதனால் அந்த லூப்பை முறையாகத் திருத்தினேன். பெயர்கள் பட்டியலில் உள்ளபடியே வரும். அதற்குக் கீழே திரையில் ஒரு சின்னக் கட்டம் வைத்து, பக்கத்தில் 'கடைமடையிலிருந்து தொடங்கு' என்று தமிழிலேயே எழுதினேன். அதைத் தொட்டால்தான் வரிசை திரும்பும். ஏழு மடையையும் போட்டு இரண்டு விதமாகவும் ஜெபமணி சோதித்தாள். எட்டு நிமிஷத்தில் முடித்த வேலைக்கு இந்தத் தடவை ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கால்வாயின் நிரல் இப்போது உங்களில் ஒருவர் கைக்கு வரும். அந்தக் கட்டம் எதற்கு, எடுத்துவிடலாமே என்று தோன்றினால், நிரலில் அதற்கு மேல் நான் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். அதில் விளக்கம் எதுவும் கிடையாது. 'இதை நீக்கும் முன் கடைமடை இசக்கியம்மாளிடம் கேட்கவும்' என்று மட்டும் இருக்கும். நேரில் போய்க் கேளுங்கள். வயலில்தான் இருப்பாள்.